பாடியவர்களுக்குக் காசில்லை: ஸாம்பீஸ் குழுவும் அதன் இரண்டு ஆல்பங்களும்

1964 ஜூலையில் டெக்கா நிறுவனம் லண்டனில் ஸாம்பீஸ் குழுவின் ஒரு சிங்கிள் தட்டை வெளியிட்டது. முன்பக்கத்தில் 'ஷீஸ் நாட் தேர்' என்ற பாட்டு. எழுதியவர் ராட் ஆர்ஜென்ட், வயது 19. பின்பக்கத்தில் 'யூ மேக் மீ ஃபீல் குட்'. எழுதியவர் கிறிஸ் வைட், வயது 21. தட்டை வாங்கியவர்கள் முன்பக்கப் பாட்டுக்காகத்தான் வாங்கினார்கள். ஆனால் பிரிட்டனின் 1956ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எந்தப் பக்கம் பிரபலம் என்று பார்க்கவில்லை. தட்டின் சில்லறை விலையில் 6.25 சதவீதம் பாடலை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் போக வேண்டியிருந்தது. தட்டில் இரண்டு பாட்டு இருந்தால் அந்தத் தொகை இரண்டாகப் பிரிந்தது. அந்தத் தட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆர்ஜென்டுக்கு வருமானம் வந்தது, வைட்டுக்கும் வந்தது. அதே தட்டில் பாடிய காலின் பிளன்ஸ்டோன், கிட்டார் வாசித்த பால் அட்கின்சன், டிரம்ஸ் வாசித்த ஹியூ கிரண்டி ஆகிய மற்ற மூன்று உறுப்பினர்களுக்கும் எழுத்துப் பங்கு எதுவும் இல்லை. கச்சேரிக் கூலியும் தட்டு விற்பனையில் கலைஞர்களுக்கென்று ஒதுக்கிய சொற்பமும்தான் அவர்கள் கண்ட பணம்.

ஸாம்பீஸ் குழு 1967இல் பதிவு செய்த 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதை 'காலத்தை முந்திய படைப்பு', 'தொலைந்து மீண்ட பொக்கிஷம்' என்கிறார்கள். எனக்கு அந்த ஆல்பத்தின் மேல் இருக்கும் பிரியம் பெரிது. அதனாலேயே அந்த விளக்கம் போதாது என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆல்பம் உருவானதற்கும், அது வெளிவருவதற்குள் குழு கலைந்துபோனதற்கும், அதன் ஸ்டீரியோ வடிவம் இன்று நம் கையில் இருப்பதற்கும் காரணம் தேடினால், மூன்று முறையும் அந்தத் தட்டின் இரண்டு பக்கங்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்துப் பையன்கள் அவர்கள். பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். 1964இல் மாவட்ட அளவில் நடந்த பீட் இசைப் போட்டியில் வென்றதும் டெக்கா ஒப்பந்தம் கிடைத்தது. படிப்பில் கெட்டிக்காரர்கள் என்பதையே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு பிடித்துக்கொண்டது. அவர்கள் தேறிய பள்ளித் தேர்வுகளின் எண்ணிக்கையைச் செய்திக்குறிப்பில் போட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைப் பார்த்துப் பெற்றோர் பதறிக்கொண்டிருந்த காலத்தில் கண்ணாடி போட்ட நல்ல பிள்ளைகள் என்ற பெயர் இளைஞர்களிடம் எடுபடவில்லை. பிரிட்டனில் 'ஷீஸ் நாட் தேர்' 12ஆம் இடத்தோடு நின்றது. 1965இல் 'டெல் ஹர் நோ' அமெரிக்காவில் ஆறாம் இடத்துக்குப் போனது. சொந்த நாட்டில் முதல் நாற்பதுக்குள்கூட வரவில்லை. அதற்குப் பிறகு வந்த சிங்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அவற்றில் நல்ல பாடல்கள் பல. தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ் 'ஷீஸ் நாட் தேர்' ஒலியையே திரும்பத் திரும்பத் துரத்தினார் என்பது குழுவினரின் குறை. அந்தத் தட்டுகளை வரிசையாகக் கேட்டால் அந்தக் குறையில் நியாயம் இருப்பது தெரிகிறது.

பணத்தின் போக்கை ஒரு பயணம் நன்றாகக் காட்டுகிறது. 1967 தொடக்கத்தில் அவர்களை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். ஏதோ ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தார்கள். மணிலாவில் இறங்கினால் அங்கே அவர்கள் நட்சத்திரங்கள். அரனெட்டா கொலிசியம் என்ற பிரம்மாண்ட அரங்கில், பல்லாயிரம் பேர் முன்னால், பல இரவுகள் தொடர்ந்து வாசித்தார்கள். குழுவுக்கு ஒப்பந்தப்படி கிடைத்தது ஓர் இரவுக்கு 80 பவுண்டு. அதை ஐந்து பேர் பங்கிட வேண்டும். எழுதும் இருவருக்கு வீட்டில் ராயல்டி காத்திருந்தது. மற்ற மூவருக்கு அந்த 80 பவுண்டில் வரும் பங்குதான் சம்பளம்.

அந்த ஆண்டே டெக்கா ஒப்பந்தம் முடிந்தது. ஆர்ஜென்டும் வைட்டும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கலைவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஓர் ஆல்பத்தைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி, தாங்களே தயாரித்துவிட வேண்டும். சி.பி.எஸ். நிறுவனம் ஒத்துக்கொண்டது. கொடுத்த தொகை 1,000 பவுண்டு. ஒரு முழு ஆல்பத்துக்கு அது மிகவும் குறைவு. அந்தக் காசில் அவர்கள் பிடித்த இடமோ ஆபி ரோடில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோ. பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை அங்கே முடித்துவிட்டு வெளியேறிய சில வாரங்களில், 1967 ஜூனில், ஸாம்பீஸ் உள்ளே போனார்கள். இ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத ஒரு குழு அங்கே பதிவு செய்வது அப்போது அபூர்வம். பீட்டில்ஸோடு வேலை செய்த ஜெஃப் எமெரிக்கும் பீட்டர் வின்ஸும் இவர்களுக்கும் ஒலிப்பதிவாளர்கள். இடையில் ஆபி ரோடு கிடைக்காத நாட்களில் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் சில பாடல்களை முடித்தார்கள். ஸ்டுடியோவின் மணிக்கணக்கு வாடகை கையைக் கடிக்கும் என்பதால் பாடல்களை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஏற்பாடுகள் எல்லாம் மனப்பாடமான பிறகே ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஆல்பத்தில் எந்தப் பாட்டும் தளர்ந்துபோகாமல் இறுக்கமாக இருப்பதற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்டுடியோவில் ஜான் லெனானின் மெலோட்ரான் இருந்தது. இந்தக் கருவியைக் கொஞ்சம் விளக்கினால்தான் ஆல்பத்தின் ஒலி புரியும். பார்ப்பதற்குப் பியானோபோல் கட்டைகள் கொண்ட பெட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனியாக ஒரு காந்த நாடாத் துண்டு. ஒரு நாடாவில் ஒரு சுரத்தை வயலின் குழுவோ புல்லாங்குழலோ முன்பே வாசித்துப் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி அந்தச் சுரம் ஒலிக்கும். ஏறக்குறைய எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். நாடா சீராக ஓடாததால் சுரத்தில் மெல்லிய நடுக்கம் இருக்கும். உண்மையான வயலின்காரர்களை அமர்த்தப் பணமில்லாத குழுவுக்கு இந்தப் பெட்டியே வாத்தியக் கோஷ்டி ஆனது. 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' பாட்டின் பின்னணியில் எழும் அந்த நரம்பிசையைக் கவனித்துக் கேளுங்கள். நிஜ வயலின்களிடம் இல்லாத ஒரு மங்கல், தூரத்திலிருந்து வருவதுபோன்ற கலக்கம் அதில் இருக்கிறது. அது பாட்டுக்கு அவ்வளவு பொருந்துகிறது. கையில் காசு இருந்திருந்தால் இந்த ஒலி நமக்குக் கிடைத்திருக்காது.

பன்னிரண்டு பாடல்கள். முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'. துள்ளும் பியானோ, அடுக்கடுக்கான குரல்கள், விடுமுறை நாளின் உற்சாகம். வார்த்தைகளைக் கவனித்தால் அது சிறையிலிருந்து விடுதலையாகப் போகும் ஒருத்திக்குக் காதலன் எழுதும் கடிதம். இந்த முரணைப் பாட்டு எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. காத்திருப்பவனின் சந்தோஷம் அவனுக்கு நிஜமானது, அவ்வளவுதான். அடுத்து வரும் 'எ ரோஸ் ஃபார் எமிலி' பாட்டில் பியானோவையும் குரல்களையும் தவிர எதுவும் இல்லை. தலைப்பு வில்லியம் ஃபாக்னரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. செல்லோவும் மெலோட்ரானும் சேர்த்து வேறொரு வடிவத்தையும் செய்து பார்த்து, பிறகு ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஒதுக்கிய வடிவம் பின்னாளில் வெளிவந்திருக்கிறது. இரண்டையும் கேட்டால் அவர்களுடைய தீர்ப்பு சரி என்பது விளங்கும். தனிமையில் மூப்படையும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டுக்கு அந்த ஒற்றைப் பியானோ போதும்.

வைட் எழுதிய 'பீச்வுட் பார்க்' ஒரு நிஜ இடத்தைப் பற்றியது. அவருடைய தந்தை கடை வைத்திருந்த மார்க்யேட் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய மாளிகையும் அதைச் சுற்றிய தோட்டமும். மழை பெய்து ஓய்ந்த கோடைக்கால மண்ணின் ஈரம் அந்த ஆர்கன் ஒலியில் இருக்கிறது. அவரே எழுதிய இன்னொரு பாட்டு 'புட்ச்சர்ஸ் டேல்'. முதல் உலகப் போரில் சிப்பாயாகிப் போன ஒரு கசாப்புக்காரன் தன் கை நடுங்குவதைச் சொல்லும் பாட்டு. பக்கவாத்தியம், காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஹார்மோனியம். நம் நாடகக் கம்பெனிகளில் இருந்த கால்பெட்டி வகை. பிளன்ஸ்டோனின் குரல் இதற்கு அழகாக இருந்துவிடும் என்பதால் வைட்டே பாடினார். பயிற்சியில்லாத, தழுதழுக்கும் அந்தக் குரலைக் கேட்டபிறகு இந்தப் பாட்டை வேறு யாரும் பாடுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

'டைம் ஆஃப் தி சீசன்' கடைசியாக எழுதப்பட்ட பாடல்களில் ஒன்று. பேஸ் கிட்டாரும் டிரம்மும் ஒரு சிறிய சுழற்சியைத் தொடங்குகின்றன. அதற்குள் ஒரு கைத்தட்டல், அதை ஒட்டி வாயிலிருந்து வரும் ஒரு பெருமூச்சு. வேறு எதுவும் இல்லை. மூச்சை ஒரு தாளவாத்தியமாக வைத்திருக்கிறார்கள். பிளன்ஸ்டோன் நுழையும்போது அவர் குரலும் பாதி மூச்சாகவே வருகிறது. இந்தப் பதிவின்போது அவருக்கும் ஆர்ஜென்டுக்கும் சண்டை வந்தது. புதிதாக எழுதிய மெட்டு. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று ஆர்ஜென்ட் திருத்திக்கொண்டே இருந்தார். அவ்வளவு நன்றாகத் தெரிந்தால் நீயே வந்து பாடு என்று பிளன்ஸ்டோன் கத்தினார். பாடகர் நீதான், பாடு என்றார் ஆர்ஜென்ட். கோபத்தில் பாடிய அந்தப் பதிவுதான் தட்டில் இருக்கிறது. கேட்கும்போது கோபம் துளியும் தெரிவதில்லை.

ஆல்பத்தை மோனோவில் கலந்து சி.பி.எஸ். நிறுவனத்திடம் கொடுத்தார்கள். நிறுவனம் ஸ்டீரியோ வடிவமும் வேண்டும் என்றது. ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டிருந்தது. மேற்கொண்டு தர நிறுவனம் தயாராக இல்லை. ஆர்ஜென்டும் வைட்டும் தங்கள் ராயல்டிப் பணத்திலிருந்து 200 பவுண்டு போட்டு ஸ்டீரியோ வடிவத்தை முடித்தார்கள். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் மட்டும் சிக்கல். ஊதுவாத்தியங்களை மோனோ கலவை நடந்துகொண்டிருக்கும்போதே நேரடியாக வாசித்துச் சேர்த்துவிட்டார்கள். மூல நாடாவில் அவை தனித் தடத்தில் இல்லை. அதனால் முதல் ஸ்டீரியோ தட்டில் அந்த ஒரு பாட்டு மட்டும் மோனோவிலிருந்து ஒப்பேற்றிய போலி ஸ்டீரியோ. ஆல்பம் இன்று உலகம் முழுக்க ஸ்டீரியோவில் கேட்கப்படுகிறது. அதற்குச் செலவான தொகை முன்பு சொன்ன அந்த 6.25 சதவீதம் போன்ற வரவுகளிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அட்டைப்படத்தை வரைந்தவர் வைட்டின் வீட்டில் உடன் தங்கியிருந்த ஓவியர் டெர்ரி குவெர்க். 'ஒடிஸி' என்பதை ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டார். அட்டை அச்சுக்குத் தயாரான பிறகுதான் கண்ணில் பட்டது. அது அப்படியே நின்றுவிட்டது.

1967 அக்டோபரில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்', நவம்பரில் 'கேர் ஆஃப் செல் 44' சிங்கிள்களாக வந்தன. இரண்டும் தோற்றன. அந்த இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் வானொலியே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது என்பதை யாரும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. கடலில் கப்பல்களிலும் பழைய கோட்டைகளிலும் இருந்து நாள் முழுக்கப் பாப் இசை ஒலிபரப்பிய திருட்டு வானொலிகளை ஆகஸ்ட் 14 நள்ளிரவு முதல் சட்டம் தடை செய்தது. ஒன்றிரண்டு தவிர எல்லாம் மூடின. அவற்றுக்குப் பதிலாக பி.பி.சி. தன் ரேடியோ 1ஐ செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. இசைக்கலைஞர் சங்கத்தோடு செய்திருந்த உடன்பாட்டின்படி பி.பி.சி. நாளொன்றுக்குக் குறிப்பிட்ட மணி நேரமே இசைத்தட்டுகளை ஒலிபரப்ப முடியும். மூன்று ஆண்டாகப் பிரிட்டனில் வெற்றி காணாத ஒரு குழுவின் புதுத்தட்டு நுழைவதற்கான இடுக்கு இன்னும் குறுகியது. தோல்விக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ரசிகர்களின் காது தயாராக இல்லை என்ற விளக்கத்தைவிட இது கையில் பிடிக்கக்கூடிய காரணம்.

டிசம்பரில் குழு கலைந்தது. கடைசிக் கச்சேரி கீல் பல்கலைக்கழகத்தில். யாரும் யாரோடும் பகைக்கவில்லை. அட்கின்சனுக்குத் திருமணம் நெருங்கியிருந்தது, வருமானம் வேண்டும். பிளன்ஸ்டோனிடமும் கிரண்டியிடமும் காசில்லை. எழுதிய இருவரால் இன்னும் ஓராண்டு காத்திருக்க முடியும். பாடியவராலும் வாசித்தவர்களாலும் முடியாது. ஆர்ஜென்டும் வைட்டும் பேராசைக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சட்டமும் ஒப்பந்த முறையும் ஐந்து பேரை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து வைத்திருந்தன. பிளன்ஸ்டோனின் குரல் இல்லாத 'ஷீஸ் நாட் தேர்' யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் அமெரிக்க வானொலியில் அது ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் எழுதியவருக்குப் பணம் சேர்ந்தது, பாடியவருக்குச் சேரவில்லை. அந்த நாட்டின் ஏ.எம்., எஃப்.எம். நிலையங்களில் இன்றைக்கும் அதே நிலைதான். 1968 ஏப்ரலில் ஆல்பம் பிரிட்டனில் வெளிவந்தபோது அதன் பாடகர் லண்டனில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

அமெரிக்காவில் அதை வெளியிடும் எண்ணமே சி.பி.எஸ். நிறுவனத்தின் தாய் நிறுவனமான கொலம்பியாவுக்கு இல்லை. கொலம்பியாவில் அப்போது தயாரிப்பாளராகச் சேர்ந்த இசைக்கலைஞர் அல் கூப்பர் இங்கிலாந்திலிருந்து ஒரு கட்டு எல்.பி. தட்டுகளை வாங்கி வந்தார். நாற்பது தட்டுகளில் இந்த ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு மேலே நின்றது என்பது அவர் சொன்ன சேதி. தலைவர் கிளைவ் டேவிஸிடம் போய், இதன் உரிமை யாரிடம் இருந்தாலும் வாங்கிவிடுங்கள் என்றார். உரிமை அவர்களிடமே இருந்தது. டேட் என்ற துணை லேபிளில் வெளியிட்டார்கள். முதலில் சிங்கிளாகத் தேர்ந்தெடுத்தது 'புட்ச்சர்ஸ் டேல்'. வியட்நாம் போர் நடக்கும் காலம் என்ற கணக்கு. அது எடுபடவில்லை. பிறகு 'டைம் ஆஃப் தி சீசன்' வந்தது. மெதுவாக ஒவ்வோர் ஊர் வானொலியாகப் பரவி 1969 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடத்தைத் தொட்டது. கலைந்து ஓராண்டுக்கு மேலான குழுவின் பாட்டு. பிரிட்டனில் அது பட்டியல் பக்கமே வரவில்லை.

குழு இல்லாத இடத்தில் போலிகள் முளைத்தார்கள். ஸாம்பீஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் கச்சேரி செய்தன. அவற்றில் டெக்சஸ்காரர்களின் குழு ஒன்றில் இருந்த டஸ்டி ஹில்லும் ஃப்ராங்க் பியர்டும் பின்னாளில் ஸீ ஸீ டாப் குழுவால் புகழ்பெற்றார்கள். உண்மையான ஐந்து பேருக்கும் மீண்டும் ஒன்றுசேரச் சொல்லி அழைப்புகள் வந்தன. அவர்கள் சேரவில்லை. ஆர்ஜென்டும் வைட்டும் அதற்குள் புதுக் குழுவுக்கான வேலையில் இறங்கிவிட்டார்கள். அது ஆர்ஜென்ட் என்ற பெயரிலேயே எழுபதுகளில் வெற்றி பெற்றது.

உண்மையிலேயே தொலைந்த ஆல்பம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அமெரிக்க வெற்றியைத் தொடர ஸாம்பீஸ் பெயரில் இன்னொரு தட்டு வேண்டியிருந்தது. 'ஆர்.ஐ.பி.' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு, ஆர்ஜென்டும் வைட்டும் புதிய தோழர்களோடு பதிவு செய்த ஆறு பாடல்கள். பாடியவர் பெரும்பாலும் ஆர்ஜென்ட். மறுபக்கத்துக்கு, டெக்கா காலத்தில் வெளியிடாமல் கிடந்த நாடாக்களை எடுத்து, மேலே புதுக் குரல்களும் நரம்பிசையும் சேர்த்து ஒட்டவைத்த ஆறு பாடல்கள். 'இமேஜின் தி ஸ்வான்' 1969இல் சிங்கிளாக வந்து தோற்றதும், 'இஃப் இட் டோன்ட் வொர்க் அவுட்' அதே வழியில் போனதும், நிறுவனம் ஆல்பத்தைக் கைவிட்டது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டில்தான் அது தனி ஆல்பமாக வெளிவந்தது.

'வெளிவராத ஆல்பம்' என்ற சொல்லே சேகரிப்பாளர்களைச் சொக்க வைக்கும். பில்லி நிக்கல்ஸின் 'வுட் யூ பிலீவ்' 1968இல் நூறு பிரதியோடு நிறுத்தப்பட்டது. கலைடாஸ்கோப் குழுவினர் எழுபதுகளின் தொடக்கத்தில் பதிவு செய்த 'ஒயிட் ஃபேஸ்டு லேடி' 1991வரை பெட்டியில் கிடந்தது. இரண்டும் கேட்கத் தகுந்தவை. ஆனால் கிடைக்காமல் இருந்தது என்பது ஒரு தட்டின் தரத்தைக் கூட்டிவிடாது. 'ஆர்.ஐ.பி.' நல்ல பாடல்கள் கொண்ட, ஆனால் ஆல்பமாக நிற்காத ஒரு தட்டு. முதல் பக்கத்தில் 1968இன் ஒலி, இரண்டாம் பக்கத்தில் 1965இன் எலும்புக்கூடு. தைத்த இடம் காதுக்குத் தெரிகிறது. 'இஃப் இட் டோன்ட் வொர்க் அவுட்' பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டுக்காக எழுதிய பாட்டு. அவர் 1965இலேயே இதைவிட நன்றாகப் பாடிவிட்டார். முதல் பக்கத்தில் உள்ள 'ஸ்மோக்கி டே', 'ஷீ லவ்ஸ் தி வே தே லவ் ஹர்' இரண்டையும் பிளன்ஸ்டோன் 1971இல் தன் 'ஒன் இயர்' ஆல்பத்துக்காகப் பாடினார். தயாரித்தவர்கள் ஆர்ஜென்டும் வைட்டும். அந்த ஆல்பத்தில் அவை தங்களுக்குரிய குரலைப் பெற்றுவிட்டன. அந்தப் பாடல்கள் தொலைந்தன என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஒன் இயர்' இன்னும் அதிகம் பேருக்குத் தெரிய வேண்டிய தட்டு.

'ஒடிஸி' மீண்டது ஒரே நாளில் நடந்த அற்புதம் அல்ல. 1970களில் எபிக் நிறுவனம் வெளியிட்ட 'டைம் ஆஃப் தி ஸாம்பீஸ்' இரட்டைத் தட்டில் அது முழுதாக இடம்பெற்றது. எண்பதுகளில் ரைனோ அமெரிக்காவில் மறுபடி அச்சிட்டது. இங்கிலாந்தில் பாடகர் பால் வெல்லர் தனக்கு மிகப் பிடித்த ஆல்பம் இதுதான் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்தார். 1997இல் பிக் பீட் லேபிளில் அலெக் பலாவ் தொகுத்த 'ஸாம்பி ஹெவன்' நான்கு குறுந்தட்டுகளாக வந்தது. என் கணக்கில் இந்த மீட்பின் மையம் இந்தப் பெட்டிதான். பலாவ் மூல நாடாக்களைத் தேடிப்பிடித்தார், எந்தப் பாட்டு எங்கே எப்போது பதிவானது என்று பட்டியலிட்டார், ஐந்து பேரையும் பேசவைத்து நீண்ட குறிப்பு எழுதினார், 'ஆர்.ஐ.பி.' பாடல்களையும் சேர்த்தார். அதற்குப் பிறகு எழுதிய யாரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. இப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவர்கள் பெயர் தட்டின் உள்தாளில் சிறு எழுத்தில் இருக்கும். விமர்சகர்களின் தரவரிசைப் பட்டியல்கள்தான் செய்தியாகும். 2003இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை தன் 500 சிறந்த ஆல்பங்களில் இதற்கு 80ஆம் இடம் கொடுத்தது என்றால், அதற்கு அடிப்படை போட்டவர்கள் நாடாப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள்.

2008 மார்ச்சில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில், ஆல்பம் வெளிவந்து நாற்பது ஆண்டு நிறைவையொட்டி, உயிரோடிருந்த நால்வரும் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தது அதுதான் முதல் தடவை. அட்கின்சன் 2004இல் இறந்துவிட்டிருந்தார். 2019 மார்ச்சில் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் ஐவர் பெயரையும் சேர்த்தார்கள். ஆர்ஜென்ட் பக்கவாதத்துக்குப் பிறகு 2024இல் மேடையிலிருந்து ஓய்வுபெற்றார்.

அண்மை ஆண்டுகளில் குழுவினர் தங்கள் பழைய பதிவுகளின் உரிமையை வாங்கிவிட்டார்கள். பீச்வுட் பார்க் ரெகார்ட்ஸ் என்று தங்கள் லேபிளுக்குப் பெயரிட்டு, 2025இல் 'ஒடிஸி' ஆல்பத்தின் மோனோ வடிவத்தைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். முதன்முறையாகக் கேட்கப்போகிறவர்கள் அந்த மோனோவில் தொடங்குங்கள். 1967இல் அவர்கள் தங்கள் காதுக்கு ஏற்றபடி கலந்தது அதைத்தான். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டின் ஊதுவாத்தியங்கள் அதில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அடுத்து 'ஒன் இயர்' கேளுங்கள். 'ஆர்.ஐ.பி.' அவசரமில்லை.